மின்வண்டிக்கு வீட்டில் மின்னூட்டம்: பெட்டி வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கோலார்த் தங்கச் சுரங்கத்திற்கு மின்சாரம் வந்த ஆண்டு 1902. காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தூரம் கம்பி வழியே அது சென்றது. அச்சுரங்கத்தில் இறங்கி உழைத்தவருள் பலர் வட ஆர்க்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து சென்ற நம்மவரே. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-ல்தான். சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. அதே 2001-ல் இந்நகரிலிருந்து ரேவா என்னும் சிறிய மின்சாரக் கார் விற்பனைக்கு வந்தது. அதனை வாங்கியோர் இரவில் சுவரிலிருந்த 15 ஆம்பியர் சாக்கெட்டில் செருகிவிட்டு உறங்கச் சென்றனர். எட்டு மணி நேரத்தில் பாட்டரி நிறைந்தது. ஆகவே வீட்டிலேயே வண்டிக்கு மின்னூட்டுவது இவ்வூருக்குப் புதிய சங்கதி அன்று.

புதியது யாதெனில், அது இப்பொழுது வாடகைக் குடித்தனங்களின் வாயிலுக்கும் வந்துவிட்டமையே. அல்சூரிலும் மர்பி டவுனிலும் ஸ்ரீராமபுரத்திலும் மாடிப்படிக்குக் கீழே மின்சார ஸ்கூட்டர்கள் நிற்கக் காண்கிறோம். கார் வாங்க எண்ணும் அன்பர்களும் நம்மிடையே உளர். அவர்கள் கேட்கும் முதற் கேள்வி, "எந்தப் பெட்டி வாங்கலாம்?" என்பது. பெட்டி இரண்டாவது கேள்வி. முதற் கேள்வி சுவருக்குள் ஓடும் வயரைப் பற்றியது. இதனை நாம் பட்டே அறிந்தோம்.

நாம் ஸ்கூட்டர் வாங்கிய புதிதில், மாடி ஜன்னல் வழியே ஒரு நீண்ட எக்ஸ்டென்ஷன் வயரைத் தொங்கவிட்டு மின்னூட்டி வந்தோம். மூன்றாம் இரவு ரப்பர் தீய்ந்த வாடை வந்தது. நம் வீட்டார் எழுந்து போய்ப் பார்க்கையில் பிளக்கு உருகிச் சாக்கெட்டோடு ஒட்டிக் கொண்டிருந்தது. மறுநாள் வந்த மின்சாரத் தொழிலாளி ஆம்பூர்க்காரர். சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார். "மூணாவது ஓட்டை அழகுக்குத்தான் சார் இருக்குது" என்றார். எர்த்து வயரே அங்கு வந்து சேரவில்லை. அவ்வீட்டில் நாம் குடியிருந்தது ஆறு ஆண்டுகள்.

இஸ்திரிப் பெட்டியும் வெந்நீர்க் கீசரும் ஓடிய சாக்கெட்டு வண்டிக்கு மட்டும் ஏன் ஆகாது என்று அன்பர்கள் வினவலாம். கீசர் கால் மணி நேரம் ஓடி நின்றுவிடும். வயர் சூடாவதற்குள் ஆறிவிடும். மின்சாரக் கார் அப்படியன்று. 16 ஆம்பியர் சாக்கெட்டிலிருந்து ஏறத்தாழ 3 கிலோவாட்டை எட்டு மணி நேரம் இடைவிடாமல் இழுக்கும். தளர்ந்த திருகும் மெலிந்த வயரும் அவ்வளவு நேரம் தாங்கா. ஸ்கூட்டர் இழுப்பது ஒரு கிலோவாட்டுக்கும் குறைவே. ஆயினும் பிடி தளர்ந்த பிளக்கில் அதுவே போதுமென்பதை மேலே கண்டோம்.

ஆதலின் மீட்டர்ப் பலகையிலிருந்து வண்டி நிற்குமிடம் வரை தனியாக ஒரு வயர் இழுப்பதே முறை. வேறெந்த விளக்கும் விசிறியும் அதில் சேரலாகாது. 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும், 32 ஆம்பியர் பெட்டிக்கு 6 சதுர மில்லிமீட்டரும், தூரம் மிகுந்தால் அதனினும் தடித்ததும் வேண்டும். தனி எம்.சி.பி. ஸ்விட்சும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழுந்துவிடும் ஆர்.சி.சி.பி.யும் அவசியம். அதிலும் 'ஏ' ரகம் என்று கேட்டு வாங்க வேண்டும். வண்டியின் கருவியிலிருந்து கசியும் நேர்மின்னோட்டத்தால் சாதாரண ரகம் மந்தமாகிவிடக்கூடும்.

எர்த்தைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். வண்டியின் உடல் முழுதும் உலோகம், மழையில் நனைந்து நிற்பது, குழந்தைகள் தொடுவது. உள்ளே கசிவு நேர்ந்தால் மின்சாரம் மண்ணுக்குப் போக வழி வேண்டும். எர்த்து இல்லையேல் தொடுகிற மனிதனே எர்த்து ஆகிறான். நல்ல பெட்டிகள் எர்த்து இல்லையென்று கண்டால் ஓட மறுத்துவிடும். அது கண்டு சிலர் நியூட்ரல் வயரையும் எர்த்துத் துளையையும் சாக்கெட்டிலேயே முடிச்சுப் போட்டுப் பெட்டியை ஏமாற்றுகிறார்கள். இதற்கு இணங்கும் தொழிலாளியை வாயிற்படியிலேயே அனுப்பிவிடுக. என்றேனும் நியூட்ரல் அறுந்தால் வண்டியின் உடலெங்கும் 230 வோல்ட்டு ஏறி நிற்கும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், உயிர் வயருக்கும் எர்த்துக்கும் இடையே ஏறத்தாழ 230-ம், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மிகச் சில வோல்ட்டுகளும் காட்ட வேண்டும். எர்த்துக் குழி காய்ந்து கிடந்தால் பயனில்லை. கோடையில் அவ்வப்போது ஒரு குடம் நீர் விடுவது நலம்.

இனிப் பெட்டிக்கு வருவோம். சுவரில் மாட்டும் அப்பெட்டி பாட்டரியை நிரப்புகிறது என்பது பலர் எண்ணம். மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கிப் பாட்டரியில் செலுத்தும் கருவி காருக்குள்ளேயே உள்ளது. சுவர்ப் பெட்டி வாயிற்காவலன் மட்டுமே. உள்ளிருக்கும் கருவி 3.3 கிலோவாட்டு மட்டும் வாங்குமாயின், வெளியே 11 கிலோவாட்டுப் பெட்டி மாட்டினாலும் வாங்குவது 3.3 தான். 11-க்கும் 22-க்கும் மும்முனை மின்னிணைப்பும் வேண்டும். 24 யூனிட் பாட்டரியுள்ள சிறிய கார் சாதாரண 16 ஆம்பியர் சாக்கெட்டில் ஒரே இரவில் நிறைந்துவிடும், 7.2 கிலோவாட்டுப் பெட்டியில், கார் அதனை வாங்குமாயின், நான்கு மணி நேரத்திற்குள் நிறையும். இரவெல்லாம் வண்டி சும்மா நிற்கையில் அவ்வேகத்தால் என்ன பயன்? நாள்தோறும் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுவோர்க்கும், இரவுப் பணி முடிந்து பகலில் சில மணி நேரமே வீடு தங்குவோர்க்கும் அது உதவும். ஏனையோர்க்கு நல்ல சாக்கெட்டே போதும் என்பது நம் கருத்து. விற்பவர்கள் இதனை ஒப்பமாட்டார்கள்.

நிற்க. பெங்களூர்வாசிகள் மறக்கலாகாத கணக்கு ஒன்றுண்டு. கர்நாடக அரசின் கிருஹ ஜோதி திட்டம் 2023-ல் தொடங்கியது. வாடகைக் குடித்தனங்களுக்கும் உரியது. 2022–23-ல் ஒரு வீடு செலவிட்ட மாதச் சராசரியோடு 10 சதவீதம் கூட்டிய அளவு இலவசம். அதற்கு மேல் 200 யூனிட் வரை போனால் மிகுதிக்கு மட்டும் கட்டணம். 200-ஐத் தாண்டினால் முழுவதற்கும் கட்டணம். சராசரி 80 யூனிட்டுள்ள வீடு என்று கொள்வோம். இலவசம் 88. ஸ்கூட்டர் நாள்தோறும் முப்பது கிலோமீட்டர் ஓடினால் மாதம் ஏறத்தாழ 30 யூனிட் கூடும், மொத்தம் 110, கட்டணம் 22 யூனிட்டுக்கே. கார் நாள்தோறும் நாற்பது கிலோமீட்டர் ஓடினால் 150 யூனிட் வரை கூடும், மொத்தம் 230. அப்பொழுது சலுகை முழுவதும் போய், 230-க்கும் பணம் கட்ட நேரும். ஸ்கூட்டர் வாங்குவோர் அஞ்ச வேண்டியதில்லை. கார் வாங்குவோர் முதலில் பழைய பில்லை எடுத்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு வழி தனி மின்னிணைப்பு. வீட்டிலுள்ள இணைப்பிலேயே வண்டிக்கு மின்னூட்டலாம் என்று மத்திய மின்துறை 2018-லேயே வழிமுறை வகுத்தது. 2024-ல் திருத்திய நுகர்வோர் உரிமை விதிகளோ, வண்டிக்கென்றே தனி இணைப்புக் கேட்கும் உரிமையை அளித்தன. கர்நாடகத்தில் மின்வண்டிக்கெனத் தனிக் கட்டண வகையும் உண்டு. வீட்டு மீட்டர் 200-க்குள் நிற்கும். வண்டியின் கணக்கு வேறு மீட்டரில் ஓடும். ஒரே இணைப்பில் ஓட்டுவதாயின் பில்லில் அனுமதிக்கப்பட்ட லோடு எத்தனை கிலோவாட்டு என்று பார்த்துக்கொள்க. 3 கிலோவாட்டு உள்ள வீட்டில் காரும் கீசரும் ஒருங்கே ஓடா.

வாடகைக்கு இருப்போர் வீட்டுக்காரரின் இசைவை எழுத்தில் பெறுவது நல்லது. சுவருக்குள் போன வயரை நாம் உருவிக்கொண்டு போக முடியாது. பெட்டியைத் திருகைக் கழற்றி எடுத்துப் போகலாம். நம் வீட்டுக்காரர் முதலில் தயங்கினார். தீப்பிடிக்குமோ என்பதைவிட மீட்டர் ஏறுமோ என்பதே அவர் கவலை. சாக்கெட்டுக்கு முன்னே ஒரு துணை மீட்டர் வைத்துத் தருகிறோம் என்றதும் இசைந்தார். வயரும் எர்த்துக் குழியும் அவருடையவை. செலவில் பாதி அட்வான்சில் கழித்துக்கொண்டார். சாக்கெட்டும் துணை மீட்டரும் நம்முடையவை.

எங்கே மாட்டுவது என்பதிலும் கருத்து வேண்டும். 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர்ப் பக்கத்துக் கட்டடங்களின் அடித்தளங்களில் கார்கள் மூழ்கிக் கிடந்ததை அன்பர்கள் மறந்திரார். நம் தெருவிலும் சாக்கடை நிறைந்தால் மாடிப்படியின் முதற்படி வரை நீர் ஏறும். ஆதலின் சாக்கெட்டை மார்பளவு உயரத்தில், கூரை நிழலில், மூடியுள்ளதாகப் பொருத்தச் சொன்னோம். ஆம்பூர்க்காரர் இன்னும் அரை அடி மேலே ஏற்றிவிட்டார். கீழ்வீட்டுக் குழந்தைக்கு வயது மூன்று.