காக்கப்பட்ட நிலத்தைக் காப்பவர்கள்

ஒரு காட்டையோ சதுப்பு நிலத்தையோ காப்பாற்றிவிட்டதாக அறிவிக்க ஒரு நாள் போதும். பத்திரம் பதிவாகும், சிறு விழா நடைபெறும், மறுநாள் நாளேட்டில் படம் வெளிவரும். அதன்பின் அந்நிலத்தின் எல்லையை ஆண்டுதோறும் நடந்து பார்ப்பவர் யார், உள்ளே நுழையும் களையைப் பிடுங்குபவர் யார், அவர்களுக்கான ஊதியம் எங்கிருந்து வரும் என்பவை விழா மேடையில் எழாத கேள்விகள். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் நீண்ட காலப் பழக்கத்தால் இவற்றுக்கு ஒரு விடை உருவாகியுள்ளது. கோடை விடுமுறையில் இன்டர்ன்ஷிப் எனப்படும் பணிப்பயிற்சிக்கு வரும் கல்லூரி மாணவர் அந்த விடையில் முக்கிய இடம் பெறுகிறார்.

இந்த ஏற்பாட்டின் தொடக்கம் 1890இல் உள்ளது. பாஸ்டன் நகரைச் சுற்றியிருந்த அழகிய இடங்கள் ஒவ்வொன்றாக மறைவதைக் கண்ட நிலவடிவமைப்பாளர் சார்லஸ் எலியட், நூலகம் நூல்களையும் அருங்காட்சியகம் ஓவியங்களையும் மக்களுக்காக வைத்திருப்பதுபோல் நிலத்தை வைத்திருக்க ஓர் அமைப்பு வேண்டும் என்று எழுதினார். மறு ஆண்டே மாசசூசெட்ஸ் சட்டமன்றம் அத்தகைய அறங்காவலர் அமைப்பொன்றைச் சட்டத்தின் வழி நிறுவியது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற நேஷனல் டிரஸ்ட் தோன்றியது அதற்குப் பிறகு, 1895இல்தான். இன்று அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நில அறக்கட்டளைகள் இயங்குகின்றன. 2020ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி அவற்றால் காக்கப்படும் நிலப்பரப்பு 6 கோடியே 10 லட்சம் ஏக்கர்.

இவ்வளவு நிலமும் அறக்கட்டளைகளின் சொந்த உடைமை அன்று. நம் நாட்டில் வீடு வாங்குபவர் முதலில் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பார். சொத்து ஒருவர் பெயரில் இருக்க, வங்கியின் அடமான உரிமை அதன்மேல் பதிவாகியிருக்கக்கூடும். ஏறக்குறைய அதே முறையில், நிலத்தை மனைகளாகப் பிரிப்பதில்லை, குறிப்பிட்ட இடங்களில் கட்டடம் எழுப்புவதில்லை என்பன போன்ற கட்டுப்பாடுகளை அமெரிக்க நில உரிமையாளர் தாமே முன்வந்து ஏற்றுப் பத்திரத்தில் பதிவு செய்கிறார். நிலம் அவருடையதாகவே இருக்கும். விற்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லலாம். கட்டுப்பாடு நிலத்தோடு செல்லும். அடமானம் கடன் அடைந்ததும் நீங்கிவிடும். இந்தப் பாதுகாப்புப் பத்திரத்துக்கோ பொதுவாக முடிவு நாளே இல்லை. கட்டுப்பாட்டால் குறையும் சந்தை மதிப்பை நன்கொடையாகக் கருதி, உரிய நிபந்தனைகள் நிறைவேறினால் வருமான வரியில் கழிவும் கிடைக்கும். இந்தப் பத்திரங்கள் பெருகியதற்கு இயற்கைப் பற்று மட்டுமே காரணம் என்று சொல்லிவிட இயலாது.

பத்திரம் கையெழுத்தாகும் வேளையிலேயே நிலத்தின் அன்றைய நிலையை விவரிக்கும் அடிப்படை அறிக்கை ஒன்று தயாராகிறது. வரைபடம், புகைப்படங்கள், இருக்கும் கட்டடங்கள், பாதைகள், நீர்நிலைகள் யாவும் அதில் இடம்பெறும். இரு தரப்பினரும் அதில் ஒப்பமிடுவர். ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஒவ்வொரு நிலத்தையும் பார்வையிட வேண்டும் என்பது அறக்கட்டளைகள் தமக்கென வகுத்துக்கொண்ட நெறிமுறை.

மாணவரின் வேலை இங்கே தொடங்குகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, பத்துப் பன்னிரண்டு வாரங்கள். உரிமையாளருக்கு முன்கூட்டியே தகவல் அனுப்பப்பட்டிருக்கும். மாணவர் கோப்பைப் படித்துவிட்டு, கைபேசியில் வரைபடத்தோடு எல்லையைச் சுற்றி நடக்கிறார். நியூ இங்கிலாந்துக் காடுகளில் பல, கைவிடப்பட்ட பண்ணைகளின்மேல் மீண்டும் வளர்ந்தவை. ஆகவே அடர்ந்த மரங்களுக்கிடையே பழைய கற்சுவர்கள் எல்லையைக் காட்டி நிற்கும். சுவர் இல்லாத இடத்தில் மரத்தில் பூசிய வண்ணக்குறியையோ மண்ணில் புதைந்த இரும்புக் கம்பியையோ தேட வேண்டும். அடிப்படை அறிக்கைக்குப் படம் எடுத்த அதே இடத்தில், அதே திசையை நோக்கி நின்று, மீண்டும் படம் எடுக்கிறார். நடை முடிந்ததும் உடலில் உண்ணி ஏறியுள்ளதா எனச் சோதித்துக்கொள்வது அன்றாடக் கடமை. கனெக்டிகட் மாநிலத்தின் லைம் என்ற ஊரின் பெயரால் வழங்கும் லைம் நோயைப் பரப்புவது அங்குள்ள கருங்கால் உண்ணியே.

இந்த நடையில் கண்ணில் படுபவை பெரும்பாலும் சிறியவை. அண்டை வீட்டார் தம் புல்தரையைப் பத்தடி தள்ளி வெட்டத் தொடங்கியிருப்பார். தோட்டக் கழிவு எல்லைக்கு உள்ளே கொட்டப்பட்டிருக்கும். சிறு கொட்டகை ஒன்று முளைத்திருக்கும். முதல் ஆண்டிலேயே தெரிந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்துவிடும். பத்து ஆண்டுகள் எவரும் பார்க்காமல் விட்டால் அது வழக்காகிவிடும். அப்போது தேதியிட்ட பழைய படங்களே சான்று. பத்திரத்தில் கையெழுத்திட்டவர் உயிரோடு உள்ளவரை சிக்கல் குறைவு. நிலத்தை விலைக்கு வாங்கியவரும் மரபுரிமையாகப் பெற்றவரும் கட்டுப்பாட்டின் விவரத்தை அறியாதிருப்பதே பல மீறல்களுக்குக் காரணம். ஆண்டுதோறும் ஒருவர் வந்து, வணக்கம் சொல்லி, நிலத்தைச் சுற்றிப் பார்த்துச் செல்வது அந்த அறியாமை வளராமல் தடுக்கிறது. பத்தொன்பது வயது மாணவரிடம் ஒப்படைக்கப்படும் பொறுப்பு இது என்பது வியப்பளிக்கலாம். மேலாளரின் மேற்பார்வையில் அவர்கள் இதைச் செம்மையாகவே செய்கின்றனர்.

கோடையின் நடுவில் வேலை நீருக்கு மாறுகிறது. வட இந்தியக் கடைத்தெருக்களில் விற்கும் சிங்காராவை நம்மில் பலர் அறிவோம். விரத நாட்களில் அதன் மாவில் பலகாரம் செய்வார்கள். அதன் நெருங்கிய உறவான ஒரு நீர்த்தாவரம் 19ஆம் நூற்றாண்டில் வெளியிலிருந்து வந்து மாசசூசெட்ஸ் நீர்நிலைகளில் பரவியது. அதன் இலைக்கொத்துகள் நீர்ப்பரப்பை மூடிவிடுவதால் அடியில் ஒளி புகாது. மீன்களுக்கு ஆக்சிஜன் குறையும். இது ஓராண்டுத் தாவரம் என்பதால் விதை முற்றி உதிர்வதற்கு முன் பிடுங்கிவிட்டால் அவ்வாண்டுக்கு வெற்றி. எனவே மாணவர்கள் சிறு படகுகளில் அமர்ந்து ஒவ்வொரு கொத்தாகக் கையால் பிடுங்கிக் கரை சேர்க்கின்றனர். முள் நிறைந்த அதன் விதை சேற்றில் 12 ஆண்டுகள் வரை முளைப்புத் திறனோடு கிடக்கும். ஒரு கோடையில் பணியாளர் கிடைக்காமல் குளத்தை விட்டுவிட்டால், அந்தப் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

இப்போது பணத்துக்கு வருவோம். முடிவு நாள் இல்லாத கடமைக்கு ஆண்டுதோறும் நன்கொடை கேட்டு அலைவது பாதுகாப்பான வழி அன்று. பொறுப்புள்ள அறக்கட்டளைகள் நிலத்தை ஏற்கும்போதே பராமரிப்பு நிதியையும் திரட்டி முதலீடு செய்கின்றன. கணக்கு எளிது. ஒரு நிலத்துக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் செலவாகும் என்று கொள்வோம். முதலீடு 7 விழுக்காடு ஈட்ட, விலைவாசி 3 விழுக்காடு ஏறினால், முதலின் மதிப்பு தேயாமல் எடுக்கக்கூடியது ஏறக்குறைய 4 விழுக்காடு. ஆகவே தேவைப்படும் முதல் 25 லட்சம் ரூபாய். 7 விழுக்காட்டையும் செலவழித்துவிட்டால் தொடக்க ஆண்டுகள் வளமாகத் தோன்றும். செலவு ஏற ஏற நிதி கரையும். ஓய்வுக்காலத்துக்குச் சேமிப்பவர் அறிந்த கணக்குதான்; இந்த ஓய்வூதியருக்கு ஆயுள் முடிவில்லை என்பதே வேறுபாடு. வழக்குச் செலவு தனி. அதற்கென அறக்கட்டளைகளே ஒன்றுசேர்ந்து தமக்குச் சொந்தமான காப்பீட்டு நிறுவனம் ஒன்றை 2013 முதல் நடத்திவருகின்றன.

இம்முறையை நம் நாட்டில் அப்படியே நட்டுவிட இயலாது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், ஒரு நிலத்தின்மீது இன்னொரு நிலத்தின் பயனுக்காக இருக்கும் உரிமையையே கருதுகிறது. வழிநடை உரிமை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காட்டின் நன்மைக்கான கட்டுப்பாடு அந்த வரையறைக்குள் அடங்குவது கடினம். எனினும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002இல் செய்த திருத்தம் சமூகக் காப்பகம் என்ற புதிய வகையை உருவாக்கியது. ஒரு சமூகமோ தனிமனிதரோ தம் நிலத்தில் உயிரினங்களைக் காக்க முன்வந்தால் மாநில அரசு அந்நிலத்தைச் சமூகக் காப்பகமாக அறிவிக்கலாம். பஞ்சாபின் குர்தாஸ்பூர் மாவட்டத்திலுள்ள கேசோப்பூர் சதுப்பு நிலம் அவ்வாறு அறிவிக்கப்பட்ட முதல் காப்பகம். குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்து தங்கும் அந்நிலத்தில் மக்கள் பயிரிடுபவை தாமரையும் சிங்காராவும். அமெரிக்க மாணவர் படகிலிருந்து பிடுங்கும் தாவரத்தின் உறவு, இங்கே பாதுகாப்போடு இணைந்த பயிர்! எந்தச் செடி எங்கே களை என்பதை நூலைவிட நிலமே தெளிவாகக் கற்பிக்கும்.

இங்கே பிடுங்குவதற்கு வேறு செடிகள் உண்டு. உண்ணிச்செடி நம் புலிகள் வாழும் காட்டுப்பரப்பில் 40 விழுக்காட்டுக்கும் மேல் பரவியிருப்பதாக 2020இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. அதை மேலே வெட்டினால் மீண்டும் தழைக்கும். தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபு குழுவினர் உருவாக்கிய முறையில், மண்ணுக்குச் சற்றுக் கீழே ஆணிவேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து உலரவிடுகின்றனர். பார்த்துச் செய்தால் அரை நாளில் பழகிவிடும் வேலை. அங்கே புல் திரும்புகிறதா என்று ஆண்டுதோறும் பார்ப்பதுதான் நீண்ட வேலை.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, முதலாண்டோடு சான்றிதழ் பெற்று வெளியேறும் இளநிலை மாணவர் கோடையில் 4 கிரெடிட் அளவுக்குத் தொழிற்படிப்போ பணிப்பயிற்சியோ முடிக்க வேண்டும். எனவே விடுமுறையில் பயிற்சி தேடும் மாணவர்கள் இனிக் கூடுவார்கள். மகனையோ மகளையோ இத்தகைய களப்பணிக்கு அனுப்ப விரும்பும் பெற்றோர் சிலவற்றைக் கேட்டறிவது நல்லது. சரணாலயத்துக்குள் பணி என்றால் வனத்துறையின் எழுத்துவழி அனுமதி உண்டா? விபத்துக் காப்பீட்டை யார் எடுக்கிறார்கள்? மே மாத வெயிலில் எத்தனை மணி வரை வெளியே வேலை? மாணவர் எழுதும் குறிப்புகளும் எடுக்கும் படங்களும் எந்தக் கோப்பில் சேரும், அடுத்த கோடையில் வருபவர் அவற்றைத் திறந்து பார்ப்பாரா என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.