படகில் போகும் காடு!

குழந்தைகளே, காட்டுக்குள் நடந்து போகலாம், ஜீப்பில் போகலாம். படகில் ஏறிச் சுற்றிப் பார்க்கிற காடு ஒன்று நம் மாநிலத்தில் இருக்கிறது, தெரியுமா? சிதம்பரத்துக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பிச்சாவரம்தான் அது.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இவை கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே, உப்பங்கழியில் இந்த அலையாத்திக் காடு வளர்ந்திருக்கிறது. இங்கே துடுப்புப் படகும் உண்டு, மோட்டார் படகும் உண்டு. துடுப்புப் படகில் போனால் குறுகலான வாய்க்கால்களுக்குள் நுழையலாம். மரக்கிளைகள் தலைக்கு மேல் பந்தல் போட்டிருக்கும். பேசாமல் உட்கார்ந்திருந்தால் கொக்கு, நாரை, நீர்க்காகம், மீன்கொத்தி எல்லாவற்றையும் பார்க்கலாம். கரைச் சேற்றில் நண்டுகள் ஓடும். தத்தித் தத்தித் தாவும் மீன்கூட உண்டு!

மூச்சு விடும் வேர்கள்

உப்புச் சேற்றில் காற்று குறைவு. அதனால் வெண்கண்டல் மரத்தின் வேர்கள் பென்சில் முனைகளைப் போலச் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு மூச்சு விடுகின்றன. சுரபுன்னை மரமோ பல கால்களை ஊன்றி நிற்பது போல வேர்விட்டு நிற்கும். அதன் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போலத் தொங்கும். பிறகு கீழே விழுந்து சேற்றில் குத்தி நிற்கும். அல்லது மிதந்துபோய் வேறு இடத்தில் வேர்விடும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமும் இங்கே உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. எனவே, கிளைகளை ஒடிக்கக் கூடாது.

மீன் முள் வாய்க்கால்

இந்தக் காட்டில் ஒரு பெரும்பகுதி முன்பு அழிந்துபோனது. ஆங்கிலேயர் காலம் தொடங்கி 1970கள் வரை, பகுதி பகுதியாக மரங்களை அடியோடு வெட்டினார்கள். வெயில் பட்ட மண் காய்ந்து பள்ளமானது. அலை ஏறும்போது வந்த நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கியது. நீர் ஆவியாக, உப்பு மட்டும் மண்ணில் சேர்ந்தது. பிறகு அங்கே கன்று எப்படி முளைக்கும்?

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள். பார்ப்பதற்கு மீன் முள்ளைப் போலவே இருக்கும்! அவற்றின் வழியே கடல் நீர் தினமும் வந்து திரும்பியது. உப்பும் கரைந்து போனது. ஓரங்களில் நட்ட கன்றுகள் மரங்களாயின.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. அப்போது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் பாதிப்பு குறைவாக இருந்தது. 2022இல் பிச்சாவரம் உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

வாய்க்காலில் சேறு அடைத்தால் இந்தக் காடு மறுபடி வாடும். அதனால் அவ்வப்போது தூர் வார வேண்டும். ஆறுகளில் நல்ல தண்ணீரும் வரவேண்டும்.

அதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் செய்ய வேண்டியது என்ன? படகில் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள். பறவைகளைக் கண்டதும் கூச்சல் போடாதீர்கள். தின்பண்ட உறையையும் தண்ணீர் பாட்டிலையும் நீரில் வீசாமல், பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள். சரிதானே?