வால்பாறையில் குட்டிப்பூச்சியைப் பெருசா பிடிக்கணுமா? மேக்ரோ லென்ஸுக்குப் பின்னாடி ஒரு டெலிகன்வெர்ட்டர் போதும்!

ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வால்பாறைக்குப் போறவங்க கேமராவுல என்ன இருக்கும்? 9-வது வளைவுல நின்னு எடுத்த அணை, புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்கு, அப்புறம் பனிமூட்டத்துல தேயிலைச் சரிவு. தப்பே இல்லை. ஆனா, அதே தேயிலைச் செடிக்குக் கீழே குனிஞ்சு பார்த்தீங்கன்னா இன்னொரு காடு இருக்கு.

எனக்கு அந்தக் காட்டைக் காட்டினது ஒரு வில்லன். பேரு தேயிலைக் கொசு. கொசுன்னு பேரு இருந்தாலும் இது கொசு இல்லை, சாறு உறிஞ்சுற நாவாய்ப்பூச்சி வகை. கொழுந்து இலையில் ஊசி குத்தின மாதிரி பழுப்புப் புள்ளிகள் தெரிஞ்சா, அது இதோட வேலைதான். நீளம் 6 முதல் 8 மில்லிமீட்டர். முதுகுல குண்டூசியைக் குத்தி வெச்ச மாதிரி ஒரு முள் நீட்டிக்கிட்டு இருக்கும். அந்தக் குண்டூசியைத் தெளிவா எடுக்கணும்னு ஆசைப்பட்டு நான் குனிஞ்சு கிடந்தப்போ, கொழுந்து எடுத்துக்கிட்டிருந்த ஓர் அக்கா கேட்டாங்க: ``ஏந் தம்பி, மருந்தடிச்சே சாகாததைப் போட்டோ புடிச்சு என்னங் பண்ணப்போறீங்க?''

சரியான கேள்வி. ஆனா, என் பிரச்னை வேற. என்கிட்ட இருந்தது 100 எம்.எம் மேக்ரோ லென்ஸ். அதோட உச்சம் 1:1. அதாவது, பூச்சி நிஜத்துல எவ்வளவு நீளமோ, சென்சார் மேலயும் அதே நீளத்துல விழும். ஃபுல் ஃபிரேம் சென்சாரோட அகலம் 36 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் பூச்சி அதுல ஆறில் ஒரு பங்குதான். 24 மெகாபிக்ஸல் கேமரான்னா படத்தோட அகலம் 6,000 பிக்ஸல், பூச்சிக்குக் கிடைக்கிறது 1,000. மிச்சமெல்லாம் இலை! க்ராப் பண்ணலாம்தான். ஆனா அந்த 1,000 பிக்ஸல் 1,000-ஆவேதான் இருக்கும்.

இங்கதான் டெலிகன்வெர்ட்டர் வருது. கேமரா பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவுல மாட்டுற சின்னக் கண்ணாடிக் குழாய். லென்ஸ் தர்ற படத்தோட நடுப்பகுதியை இது பெருசாக்கி சென்சாருக்கு அனுப்பும். 1.4எக்ஸ் போட்டா நம்ம பூச்சி 1,400 பிக்ஸல், 2எக்ஸ் போட்டா 2,000.

``அதுக்கு எக்ஸ்டென்ஷன் டியூப் போதுமே, விலையும் கம்மி''ன்னு கேட்பீங்க. டியூபுக்குள்ள கண்ணாடியே கிடையாது. லென்ஸை சென்சார்ல இருந்து தள்ளி வைக்கும், அவ்வளவுதான். அதனால நீங்க பூச்சிக்கு இன்னும் கிட்ட போகணும். 100 எம்.எம் மேக்ரோவுல 1:1 எடுக்கிறப்போ லென்ஸ் முனைக்கும் பூச்சிக்கும் இடைவெளி ஏற்கெனவே ஒரு சாண்கூட இருக்காது. இன்னும் நெருங்கினா நம்ம நிழல் விழும், இலை ஆடும், ஆள் பறந்துடுவார். டெலிகன்வெர்ட்டர்ல அந்த இடைவெளி குறையாது. உருப்பெருக்கம் மட்டும்தான் கூடும். பயந்தாங்கொள்ளிப் பூச்சிகளுக்கு இது பெரிய வரம்.

வரம்னா விலையும் உண்டு, வெளிச்சத்துல. 1.4எக்ஸ் ஒரு ஸ்டாப் வெளிச்சத்தைச் சாப்பிடும், அதாவது பாதி. 2எக்ஸ் ரெண்டு ஸ்டாப். கால்வாசிதான் மிஞ்சும். மேக்ரோ லென்ஸே 1:1-ல ரெண்டு ஸ்டாப் இழக்கும்ங்கிறதையும் சேர்த்துக்கோங்க. லென்ஸ்ல எஃப்/11 வெச்சா 1:1-ல அது எஃப்/22 மாதிரி நடந்துக்கும். 2எக்ஸும் சேர்ந்தா எஃப்/44. அந்த அளவு சின்னத் துவாரத்துல ஒளி சிதறி, படம் முழுக்க மெத்துனு ஆயிடும். `எல்லாம் ஷார்ப்பா வரணும்'னு எஃப்/16 வைக்கிறவங்க ஏமாறுறது இதுலதான். 2எக்ஸோட லென்ஸ்ல எஃப்/5.6 தாண்டாம இருக்கிறது நல்லது. அப்போ ஃபோகஸ்ல இருக்கிற ஆழம் அரை மில்லிமீட்டர்கூட வராது. கண்ணா, முதுகு முள்ளான்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.

ஆட்டோஃபோகஸை மறந்துடுங்க. மேனுவல்ல லென்ஸை அதிகபட்ச உருப்பெருக்கத்துல வெச்சுட்டு, உடம்பை முன்னும் பின்னும் லேசா அசைச்சு, ஃபோகஸ் வர்ற நொடியில தொடர்ச்சியா சுடுங்க. பத்துல ஒண்ணு தேறினா கொண்டாடலாம். வால்பாறை மூட்டத்துல ஃபிளாஷ் இல்லாம இது வேலைக்கு ஆகாது. ஃபிளாஷ் முன்னாடி ஒரு பட்டர் பேப்பரைக் கட்டினா வெளிச்சம் மென்மையாகும், வண்டு முதுகுல வெள்ளைத் திட்டு விழாது.

என் ஓட்டு 1.4எக்ஸுக்குத்தான். 2எக்ஸ், லென்ஸோட சின்னக் குறையையும் சேர்த்துப் பெருசாக்கிக் காட்டும். சுமாரான லென்ஸுக்கு அது தண்டனை.

வாங்குறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை. எல்லா மேக்ரோவுலயும் எல்லா கன்வெர்ட்டரும் மாட்டாது. கேனான் எக்ஸ்டெண்டரோட முன்கண்ணாடி வெளியே துருத்திக்கிட்டு இருக்கும். இ.எஃப் 100 எம்.எம் மேக்ரோவுல நேரடியா மாட்டினா இடிக்கும். நடுவுல 12 எம்.எம் டியூப் போட்டுச் சமாளிக்கிறவங்க இருக்காங்க, அப்போ தூரத்துல இருக்கிறது ஃபோகஸ் ஆகாது. சோனி 90 எம்.எம் மேக்ரோவும் சோனி கன்வெர்ட்டரை ஏத்துக்காது. ஓ.எம் சிஸ்டத்தோட 90 எம்.எம் மேக்ரோ இதுல செல்லப்பிள்ளை. தனியாவே 2:1, 2எக்ஸ் மாட்டினா 4:1. கடையில உங்க லென்ஸைக் கையோட கொண்டுபோய் மாட்டிப் பார்த்துட்டுக் காசு கொடுங்க.

போன் மட்டும்தான் இருக்கா? போன்ல `மேக்ரோ'ன்னு வர்றது பெரும்பாலும் அல்ட்ரா வைட் லென்ஸ். ரெண்டு மூணு சென்டிமீட்டர் நெருங்கணும், பூச்சி ஓடிடும். டெலி லென்ஸ்லயே கிட்ட ஃபோகஸ் பண்ற போனா இருந்தா அதைப் பயன்படுத்துங்க. மேக்ரோவோட கன்வெர்ட்டர் சேர்க்கிற அதே தத்துவம்தான்.

இப்போ படத்தைவிட முக்கியமானது. வியூஃபைண்டர்ல கண்ணை வெச்சா நமக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு தெரியாது. வால்பாறைத் தேயிலைக்குள்ள யானை, காட்டுமாடு, சிறுத்தை எல்லாம் நடமாடும். யானை இருக்கிற இடத்தை எஸ்.எம்.எஸ்லயும் சிவப்பு விளக்குலயும் ஊருக்குச் சொல்ற ஏற்பாட்டை நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் இங்க செஞ்சிருக்காங்க. விளக்கு எரிஞ்சா கேமராவை மூடிட்டுக் கிளம்புங்க. விடியற்காலையும் அந்தியும் செடிகளுக்கு நடுவுல உட்காரவே வேண்டாம். எஸ்டேட்டுக்குள்ள போக அனுமதி கேளுங்க, எந்தப் பாத்தியில எப்போ மருந்து அடிச்சாங்கன்னும் கேளுங்க. கூட ஓர் ஆளைக் கூட்டிட்டுப் போங்க. நான் முள்ளோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தப்போ, எனக்குப் பின்னாடி சரிவைப் பார்த்துக்கிட்டு நின்னது அந்த அக்காதான்.

கடைசியா அவங்ககிட்ட கேமரா திரையைப் பெருசாக்கிக் காட்டினேன். இத்தனை வருஷம் கையால நசுக்கின பூச்சி. ``அட, கொம்பு முதுகுலயா இருக்குது!''ன்னாங்க.