கொடுத்ததும் கொண்டதும்

வெளி மாநிலத்தில் தமிழர் இருவர் சந்தித்தால் முதலில் சொந்த ஊரை விசாரிப்பர். அடுத்து வீட்டு வாடகையையும் அரிசி விலையையும் விசாரிப்பர். மூன்றாவதாகச் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவர். அணி வென்ற ஆண்டுகளில் இப்பேச்சு இனிமையாக முடியும். 2025ஆம் ஆண்டின் இறுதியிலோ நண்பர்களுக்குள் மனத்தாங்கல் ஏற்படும் அளவுக்கு அது வளர்ந்தது. அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள், ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் அணிக்குக் கொடுத்து, அங்கிருந்து சஞ்சு சாம்சனைச் சென்னை அணி பெற்றுக்கொண்டதே அதற்குக் காரணம்.

"பன்னிரண்டு பருவம் உழைத்தவரைக் கைவிடலாமா?" என்பது ஒரு சாரார் கேள்வி. "வயது ஏறியவரை எத்தனை நாள் வைத்திருப்பது?" என்பது மறு சாரார் விடை. இவ்விரண்டுக்கும் அப்பால், "தமிழ்ப் பிள்ளைகள் எங்கே?" என்று மூன்றாவது குரலும் எழுந்தது. இம்மூன்றையும் நிதானமாக எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அணி பின்னர் வெல்வதும் தோற்பதும் வேறு விஷயம். முடிவு செய்தவர் கையில் அன்று என்ன கணக்கு இருந்ததோ, அதைக் கொண்டே தீர்ப்புக் கூறுவதுதான் நியாயம்.

கடைசி இடத்துக்கு வந்த கதை

சென்னை அணி 2010, 2011, 2018, 2021, 2023 ஆகிய ஐந்து ஆண்டுகளில் கோப்பையை வென்றது. அத்தகைய அணி, 2025இல் 14 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்று, பத்து அணிகளில் பத்தாவதாக நின்றது. கடைசி இடம் அதற்கு அதுவே முதல் முறை. சேப்பாக்கத்திலேயே கொல்கத்தா அணிக்கெதிராக 9 விக்கெட்டுகளை இழந்து 103 ரன்களில் முடங்கியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இத்தோல்வியின் வித்து மைதானத்தில் விதைக்கப்பட்டதன்று. 2024 நவம்பரில் சவூதி அரேபியாவின் ஜெட்டா நகரில் நடந்த பெரிய ஏலத்தில் விதைக்கப்பட்டது. அங்கே சென்னை அணி அஸ்வினுக்கு 9.75 கோடி, ராகுல் திரிபாதிக்கு 3.40 கோடி, தீபக் ஹூடாவுக்கு 1.70 கோடி, விஜய் சங்கருக்கு 1.20 கோடி என்று கொடுத்தது. இவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். ஆனால் முப்பதை நெருங்கியவர்களும் கடந்தவர்களுமே இப்பட்டியலில் உள்ளனர். பழகிய முகங்களைச் சேர்த்தால் பழைய வெற்றிகளும் கூடவே வந்துவிடும் என்று நினைத்ததுபோல் தோன்றுகிறது. அஸ்வின் அவ்வாண்டு 9 ஆட்டங்கள் ஆடி 7 விக்கெட்டுகளையே வீழ்த்தினார். ஆகஸ்டில் அப்போட்டியிலிருந்தே ஓய்வு பெற்றார்.

இதற்கு மாறாக, காயமுற்றவர்களுக்குப் பதிலாக நடுவழியில் அழைத்து வரப்பட்ட இளைஞர்களே மானம் காத்தனர். 17 வயது ஆயுஷ் மாத்ரே பெங்களூரில் 94 ரன் அடித்தார். தென்னாப்பிரிக்க இளைஞர் டெவால்ட் பிரெவிஸ் வந்த பிறகே நடு வரிசைக்கு உயிர் வந்தது. அவசரத்தில் செய்த காரியம், ஆலோசித்துச் செய்த காரியத்தைவிட நன்றாக அமைந்தது. இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஆண்டு இறுதி முடிவுகளை ஆராய வேண்டும்.

பரஸ்பர மாற்றல்

ரயில்வே குமாஸ்தாக்களாகிய நமக்குப் பரஸ்பர மாற்றல் என்பது புதிதன்று. இங்குள்ளவர் அங்கும், அங்குள்ளவர் இங்கும் இடம் மாறிக்கொள்வர். இருவர் சம்மதமும் வேண்டும். இரு பக்கத்து மேலிடமும் ஒப்ப வேண்டும். ஜடேஜா–சாம்சன் மாற்றமும் ஏறக்குறைய அத்தகையதே.

கணக்கைப் பார்ப்போம். ஜடேஜாவின் ஊதியம் 18 கோடி, கரனுடையது 2.40 கோடி. சாம்சனுடையது 18 கோடி. ராஜஸ்தானுக்குச் சென்ற ஜடேஜாவின் ஊதியம் 14 கோடியாகக் குறைந்தது. ஆகச் சென்னையின் பையில் 2.40 கோடி மிஞ்சியது. வயதைப் பார்த்தால், ஜடேஜாவுக்கு 37 நெருங்கிக்கொண்டிருந்தது, சாம்சனுக்கு 31. தேவையைப் பார்த்தால், 44 வயதாகிவிட்ட தோனிக்குப் பிறகு விக்கெட் காப்பதற்கு ஆளைத் தேட வேண்டிய நிலை. தொடக்கத்தில் விரைந்து அடிக்கவும், விக்கெட் காக்கவும், வேண்டுமானால் தலைமை தாங்கவும் கூடியவர் சாம்சன். 2021 முதல் ராஜஸ்தானுக்குத் தலைவராக இருந்தவர்.

இவ்வளவையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், மாற்றம் சரியே என்பது நம் முடிவு. மனம் வருந்தாமல் இம்முடிவுக்கு வரவில்லை. ஆனால் ஜடேஜாவைத் தெருவில் விட்டுவிடவில்லை. 2008இல் அவர் தம் முதல் கோப்பையை வென்றது ராஜஸ்தான் அணியில்தான். புறப்பட்ட நிலையத்துக்கே திரும்பி அனுப்பியிருக்கிறார்கள், அவ்வளவே.

தோனியை 4 கோடிக்கு வைத்துக்கொண்டதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்தாண்டுகள் சர்வதேச ஆட்டம் ஆடாதவரை, இந்திய அணிக்கு ஆடாத புதியவர் கணக்கில் சேர்க்கலாம் என்ற விதியால் அந்தத் தொகை சாத்தியமாயிற்று. கரக்பூரில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவர் என்பதால் ரயில்வேக்காரர்களாகிய நமக்கு அவர்மீது தனிப் பாசம் உண்டு. எனினும் ஆடும் பதினொருவரில் ஓர் இடம் என்பது பிரியத்துக்குக் கொடுக்கும் பரிசன்று. கற்றுக்கொடுப்பவராக அவரை வைத்துக்கொள்வது லாபம். சாம்சனை வாங்கிவிட்டு அவர் கையுறையைப் பறித்து வைப்பது நஷ்டம்.

கொண்ட இருவர், விட்ட ஒருவர்

டிசம்பர் 16ஆம் நாள் அபுதாபியில் நடந்த ஏலத்துக்குச் சென்னை அணி 43.40 கோடியுடன் சென்றது. அதில் 28.40 கோடியை இரண்டே இளைஞர்களுக்குச் செலவிட்டது. உத்தரப் பிரதேசத்துப் பிரசாந்த் வீருக்கு வயது 20. இடது கையால் சுழற்பந்து வீசி மட்டையும் பிடிப்பவர். ராஜஸ்தானைச் சேர்ந்த கார்த்திக் சர்மாவுக்கு வயது 19; விக்கெட் காப்பாளர், பலமாக அடிப்பவர். தலைக்கு 14.20 கோடி. இருவரின் தொடக்க விலையும் 30 லட்சம்தான். இந்திய அணிக்கு ஆடாத ஒருவருக்கு ஏலத்தில் அதுவரை இவ்வளவு பெரிய தொகை கொடுக்கப்பட்டதில்லை.

ஒரு வருஷத்துக்கு முன் பழைய முகங்களைத் தேடிய அணி, இப்போது மீசை அரும்பும் பிள்ளைகளைத் தேடியது. திசை சரி என்றே சொல்வோம். விலைதான் அச்சமூட்டுகிறது. பத்தொன்பது வயதுப் பிள்ளையின் தலையில் பதினான்கு கோடியை ஏற்றிவைத்தால், அவன் ஒவ்வொரு முறை அவுட் ஆகும்போதும் ஊரார் ரூபாயை எண்ணுவர். நான்கு ஆட்டம் சரியாக ஆடாவிட்டாலும் ஐந்தாவது ஆட்டத்தில் இடம் கொடுக்கும் மனத்திண்மை நிர்வாகத்துக்கு வேண்டும். இல்லையேல் பணமும் வீண், பிள்ளையும் வீண்.

மதீஷ பத்திரணவை விட்டதை மட்டும் நம்மால் ஏற்க இயலவில்லை. 2023இல் கோப்பை வென்றபோது 19 விக்கெட்டுகள் வீழ்த்திய இலங்கை இளைஞர் அவர். 2024இல் காயத்தால் இடையில் தாயகம் திரும்பினார், 2025இல் ரன்களை அதிகம் கொடுத்தார், எல்லாம் உண்மை. ஆயினும் விடுவிக்கப்பட்டபோது அவருக்கு 23 வயதுகூட நிறையவில்லை. 13 கோடிக்கு வைத்திருந்தவரைச் சென்னை விட்டது. கொல்கத்தா 18 கோடி கொடுத்து எடுத்துக்கொண்டது. இளமையை நம்புவதாகச் சொல்லும் அணி, தன்னிடம் வளர்ந்த இளைஞரை விட்டுவிட்டு, அயலார் வளர்த்த இளைஞரைப் பெரும் விலைக்கு வாங்குவது பொருந்தாத கணக்கு.

"தமிழ்ப் பிள்ளைகள் எங்கே?"

இனி மூன்றாவது குரலுக்கு வருவோம். வெளியூரில் வாழும் நம்மை நேராகத் தொடும் கேள்வி இதுதான். சென்னை அணியில் தமிழ்நாட்டு ஆட்டக்காரர் இல்லை என்ற குறை 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்திலேயே எழுப்பப்பட்டது. அணியைத் தடை செய்ய வேண்டும் என்றுகூட ஓர் உறுப்பினர் பேசினார்.

அடுத்த மாதமே அக்குறைக்கு விசித்திரமான ஒரு விடை கிடைத்தது. மே 29ஆம் நாள் அகமதாபாத்தில் இறுதி ஆட்டம். குஜராத் அணிக்காக 47 பந்துகளில் 96 ரன் குவித்தவர் சென்னை இளைஞர் சாய் சுதர்சன். மழையால் ஆட்டம் குறுகி, நள்ளிரவும் கடந்து, கடைசி இரண்டு பந்துகளில் 10 ரன் தேவை என்ற நிலையில், மோஹித் சர்மாவின் பந்துகளை ஆறுக்கும் நான்குக்கும் அனுப்பிச் சென்னைக்குக் கோப்பையைக் கொடுத்தவர் குஜராத் மண்ணில் பிறந்த ஜடேஜா. தமிழ்ப் பிள்ளை குஜராத்துக்கு உழைத்தான்; குஜராத்திப் பிள்ளை சென்னைக்கு உழைத்தான். இருவரையும் யார் குறை கூற முடியும்?

நாம் யார் என்பதை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். பிறந்த மண்ணை விட்டு வந்து, வேற்று மொழி பேசும் ஊரில், நம் கைத்திறனுக்கும் எழுத்துக்கும் கூலி பெற்றுக் குடும்பம் நடத்துகிறவர்கள். 1960களின் பிற்பகுதியில் பம்பாயில் "மண்ணின் மைந்தர்" முழக்கம் எழுந்தபோது, அங்கிருந்த தமிழ்க் குமாஸ்தாக்களும் உணவு விடுதிக்காரர்களும் அதன் வெப்பத்தை நேரில் அறிந்தனர். அந்தக் கோலால் அளக்கப்பட்டு வருந்திய நாம், அதே கோலைக் கையிலெடுத்துச் சேப்பாக்கத்தில் ஆடுவோரை அளக்கலாமா? சாம்சனின் கதையே நம் பிள்ளைகளின் கதையை ஒத்தது. அவருடைய தந்தையார் டில்லி போலீஸில் வேலை பார்த்தவர். மலையாளப் பிள்ளையான சாம்சன் டில்லிக் குடியிருப்பில் ஆடத் தொடங்கி, பின்னர் கேரளம் திரும்பி வளர்ந்தார். வடக்கிலிருந்து வந்து தமிழ்நாட்டு அணிக்குப் பந்து வீசும் குர்ஜப்நீத் சிங்கைச் சென்னை அணி 2025 இறுதியில் விடாமல் வைத்துக்கொண்டது. அவரைத் தமிழ்நாட்டவர் கணக்கில் சேர்ப்பதா, வேண்டாமா? சேர்ப்பதுதான் முறை என்போம். நம்மையும் நாம் வாழும் ஊரார் அவ்வாறே சேர்க்க வேண்டும் என்று விரும்புகிறோமல்லவா?

அப்படியானால் நிர்வாகத்தின்மேல் குறையே இல்லையா? உண்டு, ஆனால் குறை வேறு. ஜெகதீசன் என்ற தமிழ்நாட்டு இளைஞரை 2018இல் அணியில் சேர்த்தார்கள். முதல் ஆட்டம் கொடுத்ததோ 2020இல். 2022இல் மீண்டும் 20 லட்சத்துக்கு வாங்கி, அவ்வாண்டு நவம்பரில் விடுவித்தார்கள். விடுவித்த ஒரு வாரத்துக்குள் அவர் அகில இந்தியப் போட்டியொன்றில் அருணாசலப் பிரதேச அணிக்கெதிராக 277 ரன் அடித்தார். அதே 2022 ஏலத்தில் ஹரி நிஷாந்தையும் 20 லட்சத்துக்கு வாங்கினர். ஓர் ஆட்டமும் கொடுக்கவில்லை. அந்த ஏலத்திலேயே, அதே 20 லட்சத்துக்கு, குஜராத் அணி வாங்கிச் சென்றவர்தான் சாய் சுதர்சன். அவர்கள் வாங்கினார்கள், ஆடவும் விட்டார்கள். 2025இல் அவர் 759 ரன்களுடன் போட்டியிலேயே முதல்வராக நின்றார்.

ஆகவே, "தமிழரை ஏன் வாங்கவில்லை?" என்பது சரியான கேள்வியன்று. "வாங்கியவருக்கு ஏன் வேலை கொடுக்கவில்லை?" என்பதே சரியான கேள்வி. பெயருக்கு ஓரிருவரைச் சேர்த்து வெளியே உட்காரவைப்பது மரியாதையன்று. அப்படி உட்காரவைப்பதைவிட, அவர்களை வேறு ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ள விடுவது மேல். பிறந்த ஊரில் கிடைக்காத வாய்ப்பு அயலூரில் கிடைக்கும் என்பதற்கு நம்மைவிடச் சாட்சிகள் வேறு யார்?

2025இன் இறுதியில் சென்னை அணி எடுத்த முடிவுகளில் மாற்றல் சரி, இளைஞரைத் தேடியது சரி, விலை மிகை, பத்திரணவை விட்டது தவறு. இது நம் கணக்கு. நேயர்களில் மாறுபடுவோர் தாராளமாக மாறுபடலாம். ஆனால் வாதிடும்போது ஆட்டக்காரரின் பிறந்த ஊரைக் கேட்பதை விட்டு, அவருக்கு எத்தனை ஆட்டம் கொடுக்கப்பட்டது என்பதைக் கேளுங்கள். பிரசாந்த் வீரும் கார்த்திக் சர்மாவும் எந்த மொழியில் பேசினால் என்ன? அவர்கள் தடுமாறும் நாளில் கைதட்டி எழுப்பி நிறுத்துவது நம் கடமை. புதிய ஊரில் முதல் மாதச் சம்பளம் வாங்கும்வரை ஒரு பிள்ளை படும் பாடு நமக்குத் தெரியாததன்று.