டிரான்ஸ்ஃபருக்கு கம்பெனி கொடுக்கும் பணத்துக்கு வரி உண்டா?

பனியன் கம்பெனி ஒன்று, சென்னை ஆபீஸில் இருக்கும் மெர்ச்சண்டைசரை திருப்பூர் ராயபுரத்துக்கு மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுச் சாமான் கொண்டுவர 40,000 ரூபாய் கொடுக்கிறார்கள். லாரி, பேக்கிங், பயணம் எல்லாம் சேர்த்து ஆன செலவு 28,000 தான். மீதி 12,000? அது சம்பளக் கணக்கு, வரி உண்டு.

2025-26 நிதியாண்டுக் கணக்குக்குப் பொருந்தும் வருமான வரி விதி 2பிபி-யின்படி, இடமாற்றப் படியில் உண்மையில் செலவானதற்கு மட்டுமே விலக்கு. புதிய வரி முறைன்னாலே எல்லாச் சலுகையும் போச்சுன்னு பலர் நினைக்கிறாங்க. இந்த விலக்கு அதிலும் உண்டு. 2020 ஜூனிலேயே அறிவிப்பு வந்துவிட்டது.

வீடு கிடைக்கும் வரை கம்பெனி செலவில் ஹோட்டலில் தங்கினால் 15 நாள் வரை வரியில்லை. பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸைக் கம்பெனி கட்டினால் அது சம்பளத்தோடு சேரும்.

வேறு கம்பெனியில் புதிதாகச் சேர்பவர்களுக்குத்தான் சிக்கல். விதியில் இருப்பது ‘இடமாற்றம்’. புது வேலை அதில் வராது என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள்.

பில் கொடுக்காவிட்டால் 40,000-க்கும் டி.டி.எஸ். பிடித்துவிடுவார்கள். ஃபார்ம் 16-ல் விலக்கு விடுபட்டிருந்தால் ரிட்டர்ன் தாக்கலில் கேட்கலாம். ஆனா லாரி ரசீது கையில் இருக்கணும்.