ஆறு அடி, நான்கு ஓட்டை

1941 டிசம்பர் 10. மலாயாவின் குவாந்தனுக்குக் கிழக்கே நடுக்கடல். சைகோன் பக்கமிருந்து வந்த ஜப்பானிய விமானங்கள், 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஏறக்குறைய இரண்டே மணி நேரத்தில் மூழ்கடித்தன. 840 பேர் இறந்தார்கள்.

பிரின்ஸ் ஆஃப் வேல்ஸில் எத்தனை டார்பிடோ பாய்ந்தது? பிழைத்தவர்களின் சாட்சியத்தை வைத்து ஆறு என்று கணக்கிட்டார்கள். பல ஆண்டுகள் புத்தகங்களும் அதையே சொல்லின. 2007-ல் முக்குளிப்பவர்கள் 68 மீட்டர் ஆழத்தில் கவிழ்ந்து கிடக்கும் கப்பலை ஆராய்ந்தபோது உறுதியானவை நான்கே: வலப்பக்கம் மூன்று, இடப்பக்கப் பின்முனையில் ஒன்று.

சாட்சிகள் கதைகட்டவில்லை. 227 மீட்டர் நீளக் கப்பலின் பின்முனையில் வெடித்தால், ஒலி இரும்பு வழியே ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள் முன்முனையைத் தொட்டுவிடும். காற்று வழியே வர அரை நொடிக்கு மேலாகும். முன்முனையில் நிற்பவனுக்குப் பாதம் முதலில் கேட்கும், காது பிறகு கேட்கும். வெடி ஒன்றுதான், உடம்புக்கு இரண்டு. கூடவே பீரங்கிச் சத்தம், பக்கத்தில் விழும் குண்டு. கீழ்த்தளத்தில் இருந்தவனுக்கோ கடலே தெரியாது; எதையும் பார்க்காமல்தான் எண்ணினான்.

பிறகு மூளையின் வேலை. பேரச்சத்தில் அது கண்முன் இருக்கும் ஒன்றை அழுத்தமாகப் பிடித்துக்கொண்டு, ஓரத்தில் நடப்பதையும் வரிசையையும் நழுவவிடும். நினைவு கூரும்போதெல்லாம் அந்த இடைவெளிகளைக் கேட்டதையும் ஊகித்ததையும் கொண்டு அடைத்துக்கொள்ளும். டெஸ்ட்ராயர் கப்பல்களில் நெருக்கியடித்துச் சிங்கப்பூர் திரும்பியவர்கள் வழியெல்லாம் வாய்மூடியா வந்திருப்பார்கள்? ஒருவர் கேட்ட வெடி இன்னொருவர் கணக்கிலும் ஏறியிருக்கும்.

ஒன்றை மட்டும் நினைவு தவறவிடவில்லை. இடப்பக்கத்தில் பாய்ந்த டார்பிடோவால் வளைந்த புரொப்பல்லர் தண்டு, சுழன்றபடியே தன்னைச் சுற்றியிருந்த தடுப்புகளைக் கிழித்தது. அந்த வழியே கடல் உள்ளே புகுந்தது. மின்சாரம் பெரும்பாலும் போனது. பம்புகளும் பீரங்கிகளும் பல முடங்கின. தரை அதிர்ந்த அந்தப் பேயாட்டத்தைப் பிழைத்தவர்கள் விவரித்திருந்தார்கள். 2007-ல் அந்தத் தண்டை ஒட்டிப் பெரிய கிழிசல் அப்படியே இருந்தது.