சிறுபான்மையினரும் நலக்குழுக்களும்

வாக்கு எண்ணிக்கையே ஆட்சியைத் தீர்மானிக்கும் நாட்டில், எண்ணிக்கையில் மிகச் சிறியதோர் இனம் சட்டமன்றத்தைச் செவிசாய்க்கச் செய்வது எங்ஙனம்? நலக்குழுக்கள் வாயிலாக என்பது அரசியல் நூல்களின் விடை. அக்குழுக்கள் தம் மக்களை எப்போதும் சரிவர எடுத்துரைக்கின்றனவா என்பதையும் நாம் உடன் கேட்டாக வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலுள்ள ஜப்பானிய வம்சாவளியினரின் வரலாறு இவ்விரு வினாக்களுக்கும் ஒருங்கே ஒளி தருகின்றது.

1942 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையின் விளைவாக, ஏறத்தாழ 1,20,000 பேர் மேற்குக் கரையினின்று அகற்றப்பட்டு முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டனர். மூன்றில் இரு பங்கினர் அந்நாட்டிலேயே பிறந்த குடிமக்கள். 1929-இல் தோன்றிய ஜப்பானிய அமெரிக்கக் குடிமக்கள் கழகம் அன்று ஆணையை எதிர்க்கவில்லை. அதற்கு இணங்குவதே நாட்டுப்பற்றிற்குச் சான்று என்று தன் மக்களுக்கு அறிவுறுத்திற்று. முகாமிலிருந்தவாறே கட்டாயப் படைச்சேவையை மறுத்த இளைஞரைக் கண்டிக்கவும் செய்தது. முதல் தலைமுறையினருக்குக் குடியுரிமையே மறுக்கப்பட்டிருந்த காலம் அது. அவர்தம் பிள்ளைகளோ பெரும்பாலும் இளவயதினர். ஆயினும் அக்கண்டனத்தை இந்நிலைமை நியாயப்படுத்துமென நாம் கருதவில்லை.

இதே கழகம் 1978-இல், ஒருவருக்கு 25,000 டாலர் இழப்பீடு கோரத் தீர்மானித்தது. ஹவாயிலிருந்து மேலவைக்குத் தெரிவு செய்யப்பட்டிருந்த டேனியல் இனோயே, முதலில் ஒரு விசாரணைக் குழுவைக் கோருமாறு ஆலோசனை கூறினார். ஊரறிந்த அநீதியை இனி விசாரிப்பானேன் எனப் பலர் சினந்தனர். அவர்களுள் ஒருவரான வில்லியம் ஹோரியின் தலைமையில் இயங்கிய அமைப்பு, 2,700 கோடி டாலர் கோரி 1983-இல் அரசின்மேல் வழக்குத் தொடுத்தது. வழக்கு வெற்றி பெறவில்லை. எனினும் அதன் அருகில் வைத்துப் பார்க்கையில் கழகத்தின் கோரிக்கை மிதமானதாகத் தோன்றியிருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். ஆகவே பிளவு எப்போதும் பலவீனமன்று.

1980-இல் அமைந்த விசாரணைக் குழுவின் முன் மறு ஆண்டில் 750-க்கும் மேற்பட்டோர் சாட்சி கூறினர். தம் பிள்ளைகளிடமும் முகாமைப் பற்றி வாய் திறவாதிருந்த முதியோர் பலர் பொது அவையில் பேசினர். இதனையே நாம் மிக முக்கியமாகக் கொள்கிறோம். அதுவரை சில தலைவர்களின் கோரிக்கையாயிருந்தது அன்றுமுதல் ஒரு சமூகத்தின் குரலாயிற்று. இராணுவத் தேவை அன்று, இனவெறுப்பும் போர்க்கால வெறியும் தலைமையின் தவறுமே காரணம் எனக் குழு 1983-இல் முடிவு கூறிற்று.

அடுத்த தடை வாக்குகள். ஜப்பானிய வம்சாவளியினர் நாட்டு மக்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இலர். பெரும்பாலான உறுப்பினர்களின் தொகுதிகளில் அவர்தம் வாக்கு பொருட்படுத்தத் தக்கதன்று. ஆதலால் கோரிக்கை ஓர் இனத்தின் உதவித்தொகையாக அன்றி, அரசியல் சட்டம் எவர்க்கும் அளிக்கும் பாதுகாப்பாக எடுத்துரைக்கப்பட்டது. பிற குடியுரிமை அமைப்புகள் துணை நின்றன. சிறுவயதில் முகாமில் வாழ்ந்த நார்மன் மினேட்டாவும் இராபர்ட் மட்சுயியும் கீழவையில் உறுப்பினராயிருந்தனர். மசோதாவிற்கு இடப்பட்ட 442 என்ற எண், ஐரோப்பியப் போர்முனையில் புகழ்பெற்ற ஜப்பானிய அமெரிக்கப் படைப்பிரிவின் எண்ணாகும். அதன் பொருள் உறுப்பினர்க்கு விளங்காமற் போகவில்லை. 1987 செப்டம்பரில் கீழவை 243-க்கு 141 என்ற வாக்கில் அதனை ஏற்றது. 1988 ஆகஸ்ட் 10-இல் குடியரசுத் தலைவர் ரேகன் ஒப்பமிட்டார். அப்போது உயிருடனிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலரும் அரசின் மன்னிப்பும் உரியவாயின. 1990 அக்டோபரில் முதற் காசோலைகள் வழங்கப்பட்டன. முகாம் கண்டவருள் பலர் அதற்குள் மறைந்துவிட்டனர்.

அரசிடம் மன்னிப்புப் பெற்ற கழகம், படைச்சேவையை மறுத்த அவ்விளைஞரிடம் தான் மன்னிப்புக் கேட்க 2002 வரை ஆயிற்று.